எடுக்காமல் விட்ட வலது பக்கம்

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவளுக்கு ‘அசையாதே அக்கா’ என்று பெயர் வைத்தது யாரென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. யார் வைத்திருந்தாலும் பொய்யாக வைக்கவில்லை. காலையில் வந்து கோட்டை மாட்டியது முதல் மாலையில் கழற்றுகிற வரைக்கும் அவள் வாயில் அந்த ஒரு சொல்தான். “அசையாதீங்க. எச்சில் முழுங்காதீங்க. இருமல் வந்தா இப்பவே இருமிட்டுப் படுங்க, உள்ள போய் இருமாதீங்க.” ஒருமுறை ஆறடி உயர ஆள் ஒருவர் குழாய்க்குள் போனதும் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். இவள் மைக்கைப் பிடித்து, “தாராளமா அழுங்க சார், ஆனா தலை ஆடாம அழுங்க” என்றாள். அவருக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கும் திட்டு வாங்கினார். சிரித்தால் மட்டும் படம் கலங்காதா?

கல் நெஞ்சக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். துணிச்சல்காரர்கள் முகத்துக்கு நேராகவும் சொன்னதுண்டு. “நான் இன்னிக்குப் பாவம் பார்த்தா, நாளைக்கு நீங்கதான் பாவம்” என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் எடுத்த படத்தைத் திரும்ப எடு என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை.

கழுத்துப் படம் என்றால் அவளுடைய கறார் இரண்டு மடங்காகும். அதற்குக் காரணம் உண்டு. கழுத்தெலும்புகளுக்கு நடுவில், இரண்டு பக்கமும், கைக்குப் போகிற நரம்பு வெளியே வருவதற்கென்று சின்னச் சின்ன வழிகள் இருக்கின்றன. வயதாக ஆக எலும்பில் முள் முளைத்து அந்த வழி குறுகும். எவ்வளவு குறுகியிருக்கிறது என்று படத்தைப் பார்த்து மார்க் போடுவது ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரின் வேலை. நரம்பைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு தெரிந்தால் பூஜ்யம். வெள்ளை கொஞ்சம் அழிந்திருந்தால் ஒன்று. பாதிக்கு மேல் அழிந்திருந்தால் இரண்டு. நரம்பே நசுங்கி உருக்குலைந்திருந்தால் மூன்று. பள்ளிக்கூடத்தில் மார்க் கூடினால் கை தட்டுவார்கள், இங்கே கூடினால் கத்தியைத் தீட்டுவார்கள் என்பார் அந்த டாக்டர்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அந்த வழி நேராகப் பக்கவாட்டில் போவதில்லை, முன்பக்கமாகச் சாய்ந்து போகிறது. நேர்வெட்டுப் படத்தில் அதைப் பார்ப்பது, ஒருக்களித்த கதவைத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கிற கதைதான். உள்ளே ஆள் நிற்கிறானா, விழுந்து கிடக்கிறானா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே வாசலுக்கு நேரே போய் நின்று பார்க்கிற மாதிரி, சாய்வாக வெட்டி, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று தனியாக எடுக்க வேண்டும். சாய்வுப் படம் என்பார்கள். மற்ற படமெல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் அது. அதிலும் இடது முதலில், வலது பிறகு. ஏன் அந்த வரிசை என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படிச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆட்களுக்குப் பொறுமை போவதும் சரியாக அந்த நேரத்தில்தான். கையில் கொடுத்திருக்கிற ரப்பர் பந்தை அழுத்துவார்கள், இங்கே மணி அடிக்கும். “இன்னும் நாலே நிமிஷம்தான், அசையாதீங்க” என்று அவள் அதட்டியோ கொஞ்சியோ வேலையை முடித்துவிட்டுத்தான் ஆளை வெளியே இழுப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு அண்ணன்.

அண்ணனின் தொழில் சீலிங் போடுவது. கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் போய், மேலே கம்பி கட்டி, பலகையை ஏற்றி, ட்ரில்லைத் தலைக்கு மேல் பிடித்து ஸ்க்ரூ இறக்குவார். பதினேழு வயதில் அண்ணாந்த தலை, ஐம்பது தாண்டியும் இறங்கவில்லை. “இந்த ஊர்ல பாதிப் பேரோட தலைக்கு மேல நான்தான் இருக்கேன்” என்று பெருமை பேசுவார். அவருடைய சொந்த வீட்டுக் கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும். அண்ணி அதைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனாள். “வைத்தியர் வீட்டுலதான் சீக்கு ஜாஸ்தி” என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்.

அப்பா போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் படித்தது போதும், நீ படி என்று சொல்லி ஏணியில் ஏறியவர் அவர். படிக்க வைத்தார், வேலையில் சேர்த்தார், கல்யாணமும் செய்து வைத்தார். அது சரிப்பட்டு வரவில்லை. ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்து வாசலில் நின்ற அன்றைக்கு, என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை மனுஷன். “மாடியில காத்து நல்லா வரும் பாப்பா” என்றார். மாடியில் அவரே நின்று ஒரு அறை கட்டினார். தலை நரைத்த பிறகும் அவள் அவருக்குப் பாப்பாதான். அந்த ஒரு மனிதருக்காக அவள் தீயில் இறங்கச் சொன்னாலும் இறங்குவாள்.

அந்த அண்ணனுக்கு வலது தோளில் வலி வந்தது. முதலில் சுளுக்கு என்றார், பிறகு குளிர் என்றார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்தார். தோளிலிருந்து புஜம் வரைக்கும் யாரோ கம்பியைக் காய்ச்சி உள்ளே விட்ட மாதிரி இருக்கிறது என்று அண்ணியிடம் மட்டும் சொன்னாராம். வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் வலி கொஞ்சம் அடங்கும். ஆகவே சாப்பிடும் நேரம் தவிர எந்நேரமும் தலையில் கைதான்.

“என்னங்க இது, கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க” என்றாள் அண்ணி.

“கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்துலதானே கை வைக்கக் கூடாதுன்னாங்க? நான் தலையிலதானே வெச்சிருக்கேன்?”

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் தலையில் வைத்தால் குறைகிற வலி தோளிலிருந்து வருவதில்லை, கழுத்திலிருந்து வருவது என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே சர்ஜனிடம் அழைத்துப்போனாள். சர்ஜன் கையைத் தூக்கச் சொல்லி மேலிருந்து அழுத்திப் பார்த்தார். “கொஞ்சம் பலம் குறையுது. ஆனா வலியாலயும் அப்படி இருக்கலாம். படம் எடுங்க, படம் சொல்லட்டும்” என்றார். படத்தில் இரண்டு மூன்று என்று வந்தால் சீக்கிரம் திறந்து வழியை அகலப்படுத்திவிட வேண்டும், நரம்பு நசுங்கிக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் கைக்குத்தான் நஷ்டம் என்றும் சொன்னார். அந்தக் கைதான் அண்ணனின் பிழைப்பு. அந்தக் கைதான் அண்ணன் என்றே சொல்லலாம்.

ஸ்கேன் அறைக்குள் வந்ததும் அண்ணன் முதலில் பார்த்தது மெஷினை அல்ல, மேலே. “எவன் போட்டான் இந்தச் சீலிங்கை? மூலை சேரவே இல்லையே” என்றார். நாடா கட்டுகிற ஆஸ்பத்திரி அங்கியில் அவரைப் பார்க்க அவளுக்கு என்னவோ போல் இருந்தது. முதுகு தெரிந்தது. வேலைச் சட்டைக்குள் இத்தனை இளைத்துப் போயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

கழுத்துப் படத்துக்குத் தலையையும் கழுத்தையும் ஒரு கூண்டுக்குள் பூட்டி, கைகளை உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். தலைமேல் கை வைக்கிற பேச்சுக்கே இடமில்லை. அதாவது, எந்த ஒரு நிலையில் அந்த மனுஷனால் வலியைத் தாங்க முடிந்ததோ, அந்த நிலையைப் பிடுங்கிக்கொண்டுதான் படம் எடுக்க முடியும். அவளே கையை இறக்கி வைத்தாள், பந்தை இடது கையில் கொடுத்தாள், காதில் பஞ்சு அடைத்தாள். “அசையாதே அண்ணா” என்றாள். “உத்தரவு மேடம்” என்றார் அவர்.

மெஷின் தட்ட ஆரம்பித்தது. நேர்வெட்டு வந்தது, குறுக்குவெட்டு வந்தது. குறுக்குவெட்டில் லேசாக ஆடியிருந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். இடது சாய்வும் வந்தது. வலது சாய்வுக்குத் திரையில் கோடு போட்டு அவள் பொத்தானைத் தட்டின நேரம், மணி அடித்தது.

“என்ன அண்ணா?”

ஸ்பீக்கரில் முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “பாப்பா... வெளிய எடுத்துடு பாப்பா... முடியல.”

காலில் ஆணி ஏறியபோது அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டீ கேட்ட மனிதர் அவர். அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரலை அவள் கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் அவள் வாய் தானாகப் பேசியிருக்கும். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், ஆடிற்று. மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் படுக்கையை வெளியே இழுத்தாள், கூண்டைத் திறந்தாள், அவர் கையை எடுத்து அவர் தலையிலேயே வைத்தாள். அண்ணனின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. “மவராசி” என்றார்.

குறுக்குவெட்டு இருக்கிறதே, அதை வைத்து டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். யாருக்கும் வாய்க்கிற சமாதானம்தானே அது. வலது சாய்வு ஏன் இல்லை என்று கம்ப்யூட்டர் கேட்கிற இடத்தில், ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று தட்டினாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்த வாக்கியத்தைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

ரிப்போர்ட் டாக்டர் போன் பண்ணினார். “என்னம்மா, நீ எடுத்த படத்துல வலது சாய்வைக் காணோம்? உலக அதிசயமா இருக்கு.”

“முடியலைன்னு சொல்லிட்டாங்க சார்.”

“குறுக்குவெட்டும் கலங்கியிருக்கே. தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணுதான் போட முடியும். நாளைக்குக் கூப்பிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடலாமா?”

அவள் கண்முன் அந்தச் சுருண்ட விரல்கள் வந்தன. “வேண்டாம் சார். ஒண்ணே போடுங்க” என்று சொல்லிவிட்டாள். இரக்கம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். அது தன் அண்ணன் என்று டாக்டரிடம் அவள் சொல்லவும் இல்லை.

ஒன்று என்றதும் சர்ஜனின் முகம் தெளிந்தது. கத்தி வேண்டாம், மாத்திரை, கழுத்துப்பட்டை, பயிற்சி, மேலே பார்க்கிற வேலை கூடாது, இரண்டு மாதம் பொறுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து அண்ணன் சொன்னார்: “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு பாப்பா!” அண்ணி அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்காத குறை. அவளும் சிரித்தாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள் என்பதுதான் கொடுமை.

இரண்டு மாதத்தில் வலி குறைந்தது. வலி குறைகிறதே என்று எல்லோருக்கும் நிம்மதி. கையின் பலமும் சேர்ந்து குறைந்ததை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலை அண்ணி மாடிக்கு ஏறி வந்தாள். அவள் முகமே சரியில்லை.

“உங்க அண்ணன் இடது கையால தலை சீவுறாரு. நேத்து சட்டை மாட்ட என்னைக் கூப்பிட்டாரு. கேட்டா, ‘ஏன், நான் கூப்பிடக் கூடாதா’ன்னு கிண்டல் பண்றாரு. எனக்குப் பயமா இருக்கு.”

கீழே ஓடினாள். “கையைத் தூக்கு அண்ணா” என்றாள். தோள்பட்டை காதுவரை ஏறியது, உடம்பு சாய்ந்தது, கை மட்டும் தொடையைவிட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. சட்டையை விலக்கிப் பார்த்தாள். இடது தோளில் உருண்டு திரண்டிருந்த சதை, வலது தோளில் வழித்து எடுத்த மாதிரி இருந்தது. அண்ணன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, “வலி போயிடுச்சு பாரு, அது வரைக்கும் லாபம்” என்றார்.

அன்றைக்கே இரண்டாவது ஸ்கேன். இந்தத் தடவை வலது சாய்வை முதலில் எடுத்தாள். அண்ணன் ஆடவில்லை, மணி அடிக்கவில்லை. திரையில் படம் வந்து நின்றது. நாற்பது வயதுக்காரி, ஐம்பது வயதுக்காரர் என்று எத்தனை கழுத்துகளைப் பார்த்தவள். டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்று இல்லை. வெள்ளை என்பதே எங்கும் கிடையாது. வழியில் முள் முட்டிக்கொண்டு நிற்க, நரம்பு தட்டையாகக் கிடந்தது.

ரிப்போர்ட் டாக்டர் நேரில் இறங்கி வந்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

“மூணு” என்றார். “நல்ல மூணு.”

“ரெண்டு மாசத்துல ஒண்ணு மூணா ஆகுமா சார்?” அவளுக்குப் பதில் தெரியும். இருந்தாலும் கேட்டாள். ஆகும் என்று ஒருவர் சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசை.

“சவ்வு பிதுங்கினா ஆகலாம். இது எலும்பும்மா. ரெண்டு மாசத்துல எலும்பு இவ்வளவு வளராது. அன்னிக்கே மூணுதான். நாமதான் பார்க்கலை.” பிறகு படத்தின் மேல் இருந்த பெயரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், “யாரும்மா இவரு?” என்றார். அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாடிப்படி ஏறிப்போனார்.

ஆபரேஷன் நடந்தது, நன்றாகவே நடந்தது. முள்ளைச் சீவி வழியை அகலப்படுத்திவிட்டதாகச் சர்ஜன் சொன்னார். “நரம்புக்கு இப்போ தாராளமா இடம் இருக்கு. ஆனா அதுக்கு உயிர் இருக்கான்னு காலம்தான் சொல்லணும். அப்பவே மூணுன்னு வந்திருந்தா அப்பவே திறந்திருப்பேன்” என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னார். காத்திருந்தார்கள். பயிற்சிக்காரப் பெண் வந்தாள், மின்சாரம் வைத்துப் பார்த்தாள், மாலையில் அண்ணி எண்ணெய் தேய்த்தாள். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்து திரும்பவும் மழை வந்தது. கை வரவில்லை. இனி வருவதற்கில்லை என்று சர்ஜன் சொன்னபோது, “சரிங்க” என்று எழுந்துகொண்டார் அண்ணன். ட்ரில்லையும் ஏணியையும் தன்னோடு வேலை பார்த்த மேஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் பழைய வேலைகளைப் பேசிச் சிரித்தார்கள். அவள் டீ கொண்டுபோய் வைத்தாள். அண்ணன் அவளைக் காட்டி ஆரம்பித்தார். “ஆஸ்பத்திரியில இவளைக் கல் நெஞ்சக்காரின்னுதான் சொல்வாங்க. எனக்கில்ல தெரியும்? அன்னிக்குக் குழாய்க்குள்ள உயிர் போற வலி. கூப்பிட்டேன் பாரு, அடுத்த நிமிஷம் வெளிய இழுத்துட்டா. வேற எவனாவது இருந்தா கத்துடான்னு விட்டிருப்பான். நோய் விடாம வளர்ந்துடுச்சு, அது என் தலையெழுத்து. இவ என்ன செய்வா?”

இதை அவர் முதல் தடவையாகச் சொல்லவில்லை. வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அவள் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். அன்றைக்கு அவளால் நகர முடியவில்லை. மேஸ்திரி விடைபெற்றுப் போகும்வரை சுவரோடு நின்றிருந்தாள்.

“அண்ணா, அது வளரலை.”

“எது?”

“அந்த முள்ளு. அன்னிக்கே மூணுதான். வலது பக்கத்துச் சாய்வுப் படத்தை எடுத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நீ முடியலன்னு சொன்னே, நான் நிறுத்திட்டேன். மறுநாள் கூப்பிட்டு எடுக்கலாமான்னு டாக்டர் கேட்டாரு, நான்தான் வேண்டாம்னேன். எடுத்திருந்தா உடனே ஆபரேஷன். உன் கை இருந்திருக்கும். நான்தான் கெடுத்தேன் அண்ணா.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அடிப்பார் என்றால் அடி வாங்கத் தயாராக நின்றாள். விடு பாப்பா என்று சொல்லிவிடுவாரோ என்று அதற்கும் பயந்தாள்.

அண்ணன் இரண்டும் செய்யவில்லை. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, எலும்பு துருத்திய இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கதவருகில் அண்ணி வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

“எத்தனை படம் பாக்கி இருந்துச்சு?” என்றார்.

“அது ஒண்ணுதான்.”

“எவ்வளவு நேரம் ஆகும் அதுக்கு?”

“நாலஞ்சு நிமிஷம்.”

“நாலஞ்சு நிமிஷமா?” தோளிலிருந்து கையை எடுத்தார். “ஸ்க்ரூ எடுக்கப் போனவன் வர வரைக்கும் பலகையைத் தலையால முட்டுக் கொடுத்துக்கிட்டு அரை மணி நேரம் நின்னவன் பாப்பா நான். எப்ப முடியும்னு தெரியாமத்தான் கத்தினேன். இன்னும் நாலே நிமிஷம்தான் அண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, செத்தாலும் அசைஞ்சிருக்க மாட்டேனே.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சொல்வியே” என்றார் அண்ணன். “எனக்கு ஏன் சொல்லலே?”